பெருங்கலமும் சிறுகலமும்

கூரம் கடலைக் காணாத ஊர். காஞ்சிபுரத்தை அடுத்து, வயலும் ஏரியும் சூழ அமைந்தது. பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய கூரத்துச் செப்பேடுகள், இங்கே பரமேசுவர தடாகம் என்னும் ஏரி தோண்டப்பெற்றதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே அதற்கு நீர் கொணரப்பெற்றதையும் உரைக்கின்றன. ஆகவே எங்கள் ஊராருக்கு நீர் என்றால் ஏரிநீர். கலம் என்றால் நெல்லளக்கும் அளவு. கப்பல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டென்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் நாங்கள் கற்றோம்.

இத்தகைய ஊரிலே, சென்ற கோடையில், பெரிய கப்பல் சிறந்ததா, சிறிய கப்பல் சிறந்ததா என்னும் வழக்கு ஒன்று பத்துப் பன்னிரண்டு மாலைப்பொழுதுகள் நடந்தது. வழக்காடிய இருவரும் எழுபதைக் கடந்த முதியவர். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரார் அவரை வாத்தியாரையா என்றே அழைப்பர். மற்றவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவர் ஊருக்கெல்லாம் கணக்குப்பிள்ளை. வாத்தியாரையா வீட்டுத் திண்ணையே நீதிமன்றம். கேட்பவனாகப் போய் அமர்ந்த நான், நாளடைவில் தீர்ப்புக் கூறவேண்டியவன் ஆனேன்.

வாத்தியாரையாவின் மகள் சிங்கப்பூரில் வாழ்பவர். அவர் தந்தையை அங்கே அழைத்து, பினாங்குக்குச் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்றில் தம்முடன் அழைத்துச் சென்றார். “கப்பல் என்று எண்ணிப் போனேன், ஓர் ஊரே மிதந்துகொண்டிருந்தது” என்று வாத்தியாரையா தொடங்குவார். எங்கள் ஊர்த் தெருக்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்று அத்தனை தளங்கள், ஏறி இறங்க மின்தூக்கிகள், நீந்தக் குளம், நாடக அரங்கு, மருத்துவமனை, நள்ளிரவிலும் கதவடைக்காத உணவுக்கூடம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள். “மேசைமேல் வைத்த தேநீர்க் குவளை அசையவில்லை, கணக்குப்பிள்ளை! இரத்தக் கொதிப்புக்கு மருந்துண்பவன் நான். மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருந்தார். முழங்கால் வலியோடு ஒரு படியும் ஏறவில்லை. முதுமையில் வேறென்ன வேண்டும்?” என்று கேட்பார்.

கணக்குப்பிள்ளை சென்றது வேறு வழி. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செல்லும் சிறிய கப்பலில் அவர் ஏறினார். இடைத்தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் ‘செரியாபாணி’ என்னும் கப்பலுடன் இப்போக்குவரத்துத் தொடங்கியது. அது சில நாட்களே ஓடிற்று. வடகிழக்குப் பருவம் வந்துவிடவே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16-ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அப்பணியை ஏற்றுக்கொண்டது. இரண்டிலும் இருக்கைகள் நூற்றைம்பது அளவே. குளமும் இல்லை, அரங்கும் இல்லை. ஏறியவர் தத்தம் இருக்கையில் அமரவேண்டியதுதான்.

“கடல் என்னைத் தொட்டிலில் இட்டு ஆட்டியது என்று பொய் சொல்லமாட்டேன், முறத்தில் இட்ட அரிசியைப்போல் புடைத்தெடுத்தது” என்பார் கணக்குப்பிள்ளை. கரை மறைந்த சிறிது நேரத்தில் அவருக்குத் தலை சுழன்றது. காலையில் உண்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அடுத்த இருக்கையில் யாழ்ப்பாணத்து மூதாட்டியார் ஒருவர் இருந்தார். வயது எண்பதுக்குக் குறையாது. அவர் தம் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, “மணந்து பாருங்கோ, தம்பி” என்று கையில் கொடுத்தார். “எழுபது வயதில் என்னைத் தம்பி என்றழைக்க ஓர் ஆள் கிடைத்தது அந்தக் கப்பலில்தான், வாத்தியாரையா! உங்கள் மூவாயிரம் பேரில் எத்தனை பேர் உங்களிடம் பேசினார்கள்?”

வாத்தியாரையா இதற்கு விடை கூறமாட்டார். பேச்சை உணவுக்கூடத்துக்குத் திருப்பிவிடுவார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்று முதலில் எனக்குத் தோன்றிற்று. பெரிய கப்பல் ஆடாமற் செல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறு கலம் ஒவ்வோர் அலையின் முதுகிலும் ஏறி, அடுத்த பள்ளத்தில் இறங்கும். அலையினும் பன்மடங்கு நீண்ட கப்பலோ, ஒரே வேளையில் பல அலைகளின்மேல் கிடக்கும். ஆதலின் ஒன்றுக்கும் அது தலைவணங்குவதில்லை. மேலும், இக்காலத்துப் பெரும் பயணக் கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே, இருபுறமும் மீனின் துடுப்புப் போன்ற தகடுகள் நீண்டு நின்று, கப்பல் சாயுந்தோறும் எதிர்த்திசையில் உந்தி அதனை நிமிர்த்துகின்றன. நோயாளிக்கும் முதியவர்க்கும் இது பெரும் நன்மையே. இதனை மறுப்பவர், அலையில் துன்புற்றவரைக் கண்டறியாதவர்.

கலங்களைப் பெரிதென்றும் சிறிதென்றும் பகுத்தறிவது தமிழர்க்குப் புதிதன்று. தோணி, ஓடம், அம்பி, திமில், வங்கம், நாவாய் என நம் மொழியில் பெயர்கள் பல. கழியிலும் ஆற்றிலும் செல்வது ஒன்று, மீன்பிடிக்கச் செல்வது ஒன்று, கடல் கடந்து வாணிகம் செய்வது ஒன்று என வேலைக்கேற்பக் கலமும், கலத்துக்கேற்பப் பெயரும் அமைந்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூசு என்னும் கடல்வழிக் குறிப்பு நூல், இக்கீழைக் கரையின் காமரா, பொதுகே, சோபட்மா என்னும் துறைகளில் மூவகைக் கலங்கள் இருந்தன என்கிறது. கரையோரமாகச் செல்பவை சில. பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்பவை சில. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப் பெரிய கொலாந்தியா என்பவை சில. மூவகையும் ஒரே துறையில் நின்றன என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒன்று வந்ததால் மற்றொன்று ஒழியவில்லை.

பெரிது, சிறிது என்பவையும் காலத்துக்குக் காலம் மாறுபவை. வாத்தியாரையாவின் தந்தையார் இளமையில் பிழைப்புத் தேடிப் பினாங்குக்குச் சென்றவர். அவர் சென்றது ‘ரஜூலா’ என்னும் கப்பலில். 1926-ஆம் ஆண்டில் கிளாசுகோ நகரில் கட்டப்பெற்ற அக்கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் துறைகளை இணைத்து ஓடியது. மலேயாவுக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர்க்கு அதன் பெயர் தம் வீட்டார் பெயரைப்போல் நாவில் பழகியிருந்தது. அது 8,478 டன் கப்பல். இங்கே டன் என்பது எடையன்று. கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கும் அளவு. பழைய கணக்கில் நூறு கன அடி ஒரு டன்.

ரஜூலாவை அக்காலத்தில் மக்கள் பெருங்கப்பல் என்றே போற்றினர். பின்னர் 1972-இல் இந்தியக் கப்பற் கழகம், பிரெஞ்சு நாட்டில் 1966-இல் கட்டப்பெற்ற கப்பல் ஒன்றை வாங்கி, கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாரின் நினைவாகச் ‘சிதம்பரம்’ எனப் பெயரிட்டு அதே வழியில் ஓட்டியது. அது பதினேழாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்த துயரத்தோடு அதன் பயணமும் முடிந்தது. 2022 சூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட ‘எம்பிரசு’ என்னும் உல்லாசக் கப்பல் நாற்பத்தெட்டாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. 2024 சனவரியில் அமெரிக்காவின் மயாமித் துறையிலிருந்து முதற்பயணம் சென்ற ‘ஐகான் ஆப் தி சீசு’ என்பதோ 2,48,663 டன்! உலகம் அதுவரை அத்துணைப் பெரிய பயணக் கப்பலைக் கண்டதில்லை.

இவ்விடத்தில் கணக்குப்பிள்ளை தம் தொழிலைக் காட்டினார். “ரஜூலாவைப்போல் இருபத்தொன்பது கப்பல்கள் சேர்ந்தது ஐகான். ஆயின் அதில் ஏறுவோர் நிறைந்த அளவில் ஏழாயிரத்து அறுநூறு பேர். ரஜூலாவுக்கு ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை மேல்தளத்தில் ஏற்ற உரிமம் இருந்ததாம். அப்படியானால் பெருகியது கப்பலா, ஒருவனுக்கு வேண்டிய இடமா?”

நான் பழமையைப் பாராட்டுபவன் அல்லேன். ரஜூலாவின் மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்து, வெயிலிலும் மழையிலும் ஒரு வாரம் கிடந்தவர் அதனை இன்பப் பயணம் என்று கருதியிரார். அன்று மனிதர் சரக்கைப்போல் நெருக்கி ஏற்றப்பட்டனர். அந்நிலை ஒழிந்தது நன்றே. எனினும் அவர்கள் போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே தங்கினார்கள், தொழில் செய்தார்கள், அவ்வூரின் தெருக்களை அறிந்தார்கள். கப்பல் அவர்களுக்கு வழியாக இருந்தது.

இதை நான் எண்ணுவதற்குக் காரணமாயிருந்தவர் வாத்தியாரையாதாம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, திண்ணையில் வேறெவரும் இல்லாதபோது, அதுவரை சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

அவருடைய தந்தையார் பினாங்கின் சியார்ச்சு டவுனில், தமிழர் கடைகள் நிறைந்த தெரு ஒன்றில், துணிக்கடையில் பணியாற்றியவர். அவர் அனுப்பிய கடிதங்களின் தலைப்பில் அத்தெருவின் பெயரும் கதவிலக்கமும் இருக்கும். சிறுவயதில் நூறு முறை படித்த அந்த முகவரியை வாத்தியாரையா நெஞ்சில் எழுதி வைத்திருந்தார். மகள் பினாங்குப் பயணத்துக்கு அழைத்தபோது அவர் உடனே இசைந்தது குளத்துக்காகவும் அரங்குக்காகவும் அன்று.

கப்பல் பினாங்கில் நின்றது ஒரு பகலின் சிறு பகுதியே. மூவாயிரம் பேரும் ஒருங்கே இறங்க முற்பட்டனர். வரிசையில் நின்று கரை சேர்வதற்குள் நேரம் கழிந்தது. திரும்பி ஏறுவதற்கும் முன்கூட்டியே வரவேண்டும் என்று கட்டளை. வண்டி பிடித்து அத்தெருவின் முனைக்குச் சென்றார். கதவிலக்கங்கள் மாறியிருந்தன. முதிய கடைக்காரர் ஒருவர், “சற்று இருங்கள், பின்தெருவில் என்னினும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், பழைய கடைகளெல்லாம் அவருக்குத் தெரியும்” என்றார். மகள் கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியாரையா அம்மூத்தவரைக் காணாமலே திரும்பினார். அன்றிரவு கப்பலில் வாணவேடிக்கை நடந்ததாம்.

“குவளை அசையவில்லை என்று சொன்னேனே, அது உண்மைதான்” என்று கூறி அவர் எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

பெருங்கப்பலின் குறை அதன் பெருமையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அத்தனை பெரிய ஊரைக் கட்டி மிதக்கவிட்டவன், பயணி அதனுள்ளேயே இருக்கவேண்டும், அதனுள்ளேயே செலவிடவேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆதலின் துறைமுகம் அங்கே ஓர் இடைவேளை; கடல் ஒரு சுவரோவியம். பயணி புறப்பட்ட இடமும் கப்பல், சேர்ந்த இடமும் கப்பல். ஓய்வெடுக்க விரும்புவார்க்கு அது தக்கதே. அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் ஓர் ஊரைக் காண, ஒரு மனிதரைத் தேடச் செல்வார்க்கு அது ஏற்றதன்று. வந்திறங்கும் கூட்டத்தை ஊர்களாலும் தாங்க இயலவில்லை. இத்தாலி நாட்டில் கால்வாய்களே தெருக்களாக அமைந்த வெனிசு நகரத்தில், வீட்டுக்கூரைகளுக்கு மேலே உயர்ந்து நின்ற பெருங்கப்பல்கள் நகரின் நடுவே செல்வதை மக்கள் பல்லாண்டுகள் எதிர்த்தனர். 2021 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து, இருபத்தையாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்நகரின் முகப்பு நீர்வழியில் நுழைய அந்நாட்டு அரசு தடை விதித்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே பெருங்கப்பல் வந்து கெடுப்பதினும், சிறு கப்பல் வாராமையால் கெட்ட ஊர்களே மிகுதி.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. இராமர் பாலம் என்றும் ஆதம் பாலம் என்றும் வழங்கும் மணல் திட்டுகளின் அருகே மிகமிக ஆழங் குறைந்தது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பல், நேர்வழி கண்ணெதிரே இருந்தும், இலங்கைத் தீவைச் சுற்றிக்கொண்டே வருகிறது. இந்நீர்ப்பரப்பில் இரு கரைகளையும் இணைக்க வல்லது சிறு கலம் ஒன்றே. 1914-ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து சென்ற இரயில் தனுசுக்கோடியில் பயணிகளை இறக்க, அங்கிருந்து நீராவிக் கப்பல் அவர்களைத் தலைமன்னாரில் சேர்க்கும். மீண்டும் இரயிலேறிக் கொழும்புக்குச் செல்வர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுசுக்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில், இலங்கையில் போர் மூண்டபின் நின்றுபோயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இக்கரையில் இருப்போர் அக்கரையில் உள்ள உறவினரைக் காண இந்நீர்ப்பரப்பைக் கடக்கும் பயணக் கப்பல் இல்லை. வானூர்திக்குப் பணம் உள்ளவர் சென்றனர். இல்லாதவர் கடிதத்தோடு நின்றனர்.

இன்று நாகையிலிருந்து ஓடும் சிறு கப்பல் அவ்விடைவெளியை நிரப்பப் பார்க்கிறது. அது எளிதன்று. நூற்றைம்பது பேர் கட்டணத்தில் எண்ணெய், ஊதியம், துறைக்கூலி அனைத்தும் அடங்கவேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் சீறினால் கப்பலைக் கட்டிவைக்கவேண்டும். இலாபம் ஒன்றையே நோக்கினால் இத்தகைய கலங்கள் நெடுநாள் ஓடமாட்டா. ஆயின் இலாபமில்லாச் சிற்றூருக்கும் அரசு பேருந்து விடுகிறதன்றோ? கூரத்துக்கு வரும் பேருந்தில் மாலையில் எண்ணிப் பத்துப் பேர் இருப்பர். அதனை நிறுத்தவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பாக்குநீரிணையின் சிறு கப்பலையும் அவ்வாறே கருதவேண்டும் என்பேன். உல்லாசக் கப்பலுக்கென்று துறைமுகங்களில் மாளிகை எழுப்புவோர், நாகையின் சிறு துறைக்கு ஓர் ஆழமான வாய்க்காலும், முதியோர் பிடித்து ஏற ஒரு நல்ல கைப்பிடியும் அமைப்பதை முதற்பணியாகக் கொள்ளவேண்டும்.

கணக்குப்பிள்ளையின் பயணத்தில் எஞ்சிய பகுதியைச் சொல்ல மறந்தேன். காங்கேசன்துறையில் இறங்கியதும் எலுமிச்சம்பழம் தந்த மூதாட்டியார் அவரைத் தனியே விடவில்லை. “வந்தனீங்கள், ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ” என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் பெயரன், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியையும், மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயிலையும் காட்டினான். ஒரு வாய் உணவு நான்கு நாள் விருந்தாயிற்று. திரும்பும்போது பனங்கட்டிக் குட்டான் ஒன்றும், ஒடியல் மாப்பொதி ஒன்றும் கையில் இருந்தன. அவ்வொடியல் மாவில் செய்த கூழை எங்கள் தெருவில் பாதிப்பேர் சுவைத்தனர்.

இறுதி நாளில் இருவரும் என்னைத் தீர்ப்புக் கேட்டனர். மேலே எழுதியவற்றையே நான் கூறினேன். வாத்தியாரையா மறுத்துரைக்கவில்லை. சிறிது நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரஜூலா சென்னையிலிருந்துதான் புறப்படும்” என்றார் பிறகு. “ஆனால் என் அன்னையின் பிறந்தகம் நாகைக்கு அருகில். எங்களை அங்கே விட்டுவிட்டு, என் தந்தை நாகையில்தான் ஏறினார். கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில்தான் போகவேண்டும். நான் அன்னையின் இடுப்பில் இருந்தேனாம். படகு சிறிதாகிச் சிறிதாகி மறைந்ததை அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கரையை நான் ஒருமுறையும் போய்ப் பார்த்ததில்லை.”

கணக்குப்பிள்ளை தம் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். “மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும், வாத்தியாரையா. கடவுச்சீட்டு உங்களிடம் இருக்கிறது. நான் துணைக்கு வருகிறேன்.”

“குமட்டுமே?”

“குமட்டும். எலுமிச்சம்பழம் நான்கு எடுத்துக்கொள்ளலாம்.”